வளையலுக்கு முன்னால்

கம்பத்தில் நாத்தனாரின் வளைகாப்புக்கு மண்டபம் பிடித்து, கலவைச் சாதத்துக்கும் சொல்லியாயிற்று. முந்தின நாள் மாமியார் என்னிடம், "நீ மட்டும் அவளுக்கு வளையல் போட வேணாம் ஆத்தா. நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாக" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், ஏழாம் மாதத்தில் எனக்கு நடந்த வளைகாப்பில், கை வீங்கி வளையல் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினார்கள். "கை என்னமா பூரிச்சிருக்கு!" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். தலை வலிக்கிறது என்றேன். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றேன். பார்லிக் கஞ்சி வந்தது. மறுநாள் தேனி ஆஸ்பத்திரியில், ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது, வலிப்பு வருமுன் பிள்ளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். வளையல் கழலவில்லை, நர்ஸ் உடைத்தார். மாதம் நிறையாத என் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் கிடந்தாள். இன்றும் அவளுக்குச் சளி பிடித்தால் மூச்சு இழுக்கிறது. எனக்குத் தினமும் பிரஷர் மாத்திரை. இத்தனைக்கும் காரணம் என்னவாம்? வளையல் உடைந்ததாம்! இவர்களிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

மண்டபத்தில் ஒன்பது மாத நாத்தனாரைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. மோதிரம் விரலுக்குள் புதைந்திருந்தது. "நீர்தான், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள் ஒருத்தி. அதே பாட்டு. எனக்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

"விசேஷத்துல இதென்ன கூத்து?" என்று மாமியார் பல்லைக் கடித்தார்.

"வளையல்தான போடக்கூடாதுன்னீக? இது வளையல் இல்ல அத்தை."

நாத்தனார் கையில் பட்டையைச் சுற்றினேன். மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்து நம்பாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். குறையவில்லை. நாத்தனார் என் காதருகே, "ரெண்டு நாளா தலைவலி மதினி. விசேஷம் முடியட்டும்னுதான் சொல்லல" என்றாள். அவளை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"பந்தியில ஆள் உக்காந்துட்டாகளே" என்றார் மாமியார்.

"அவுக சாப்பிடட்டும். நீங்க காரை எடுக்கச் சொல்லுங்க."

தேனிக்குப் போகும் வழியில், வீரபாண்டி தாண்டும்போது மாமியார் கோயில் பக்கம் கும்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அன்றைக்கே பிள்ளையை எடுத்தார்கள். வீரிட்டு அழுதது. தாயும் கண் விழித்தாள். வீட்டிலேயே வைத்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் பேரனை மடியில் வைத்திருந்த மாமியார் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஒனக்கும் அன்னைக்கு இப்படித்தான் தலை வலிச்சுச்சா?"

மூன்று வருஷம் கழித்து இந்தக் கேள்வி.

"அன்னைக்கே சொன்னேன் அத்தை" என்றேன். "பார்லிக் கஞ்சி குடுத்தீக."