முடிக்காகக் காளி கட்டியவன்

தளவாய் என் அண்ணன் மகன். வயது இருபத்தாறு. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்கள் ஆடாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்ட வேண்டும். நாலு பெட்டி உயரத்தில் நின்று செய்வான். கீழே பார்த்தால் நமக்குத் தலை சுற்றும், அவனுக்குச் சுற்றாது. ஆனால் காற்றடித்தால் பயப்படுவான். கடற்காற்று முன்முடியைத் தூக்கிவிட்டால் உள்ளே இருக்கிற வெட்டவெளி தெரிந்துபோகும். அதற்குத்தான் பயம்.

இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. முதலில் நெற்றியின் இரண்டு ஓரமும் உள்வாங்கியது. பிறகு நடுவில் கொஞ்சம் முடி மட்டும் தீவு மாதிரி நின்றது. அவன் அப்பா செத்தபோது தளவாய்க்கு ஒன்பது வயது. வீட்டில் மாட்டியிருக்கிற படத்தில் அண்ணனுக்கு நெற்றி உச்சிவரைக்கும் இருக்கும். பையன் சாப்பிடும்போது அந்தப் படத்தைப் பார்க்காத மாதிரி சுவருக்கு முதுகு காட்டி உட்காருவான். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. உப்பு லாரி ஓட்டுகிறேன். தலைக்கு நான் ஒன்றுமே செய்ததில்லை, கிடைத்த சோப்பைப் போட்டுக் குளிக்கிறேன். முடி அடர்த்தியாகக் கிடக்கிறது. சில நேரம் அவன் என் தலையைப் பார்ப்பான். எனக்கே வெட்கமாக இருக்கும்.

முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தான். டவுன் பஸ்சில் அவன் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. போர் தண்ணியில் உப்பு இருக்கிறது, அதுதான் முடியை அரிக்கிறது என்றார் ஒருவர். அதற்குப் பிறகு குடிக்க வாங்குகிற கேன் தண்ணியை ஊற்றித் தலை முழுகினான். ஹெல்மெட்தான் காரணம் என்றார் இன்னொருவர். ஹெல்மெட் இல்லாமல் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாதே, என்ன செய்வான்?

கூட வேலை பார்க்கிற ரோச் அவனை விடவே மாட்டான்.

"ஏலே தளவாய், ஹெல்மெட்டக் கழத்தாதல. மேல கிரேன்காரனுக்குக் கண்ணு கூசுதாம்."

"நீ ஒன் தொந்தியப் பாருல."

"தொந்தி நான் தின்னு வளத்தது மக்கா. ஒனக்கு முடி எந்தக் கணக்குல போச்சு, அதச் சொல்லு."

இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். தலையில் விடுகிற மருந்து ஒன்று கொடுத்தார். காலையும் ராத்திரியும் விட வேண்டும், ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். ஆறு மாதம் விட்டான். ஒரு நாள் என்னை வெயிலில் இழுத்துப் போய்க் குனிந்து காட்டினான்.

"தெரியுதா சித்தப்பா?"

உற்றுப் பார்த்தேன். கோழிக்குஞ்சு முதுகில் இருக்கிற மாதிரி பூமுடி. "தெரியுதுல" என்றேன். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அவன் அம்மா பேச்சித்தாய் மதினிக்கு அது போதவில்லை. மகனுக்கு முடி இருக்கும்போதே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மூன்று வருஷம் தசராவுக்கு மகன் காளி வேஷம் கட்டுவான், அம்மன் அவனுக்கு முடியைக் கொடுக்க வேண்டும். "பிள்ள இல்லாதவளுக்குப் பிள்ள குடுக்கா. வழக்கு செயிச்சுக் குடுக்கா. எம் பிள்ளைக்கு நாலு முடி குடுக்க மாட்டாளா?" என்றாள். தளவாயும் மனசோடுதான் சம்மதித்தான்.

காளி கட்டுவது மற்ற வேஷம் மாதிரி இல்லை. ஒரு மண்டலம் மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும். ஒரு பொழுது சாப்பாடு, அதுவும் தானே பொங்கிச் சாப்பிட வேண்டும். மாலை போட்ட மறுநாள் மருந்துக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஆல்கஹால் என்று எழுதியிருந்தது. நேரே வேஷம் கட்டுகிற எங்கள் தசரா செட்டின் தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சியிடம் போனான். நானும் கூட இருந்தேன்.

"மருந்துல சாராயம் கலந்திருக்கு அண்ணாச்சி. மாலையோட தலையில தேய்க்கலாமா?"

"தலையில தேச்சா என்ன, வாயில ஊத்துனா என்னல. சாராயம் சாராயம்தான்."

நிறுத்திவிட்டான். நான் கத்தினேன். "ஏலே, முடிக்குன்னு நேந்துக்கிட்டு முடிக்கு உள்ள மருந்த நிறுத்துதியே, ஒனக்கு மண்டையில என்னமும் இருக்கா?"

"நான் எதுக்கு நிறுத்துதேன்னு அம்மனுக்குத் தெரியாதா சித்தப்பா?"

நான் ஐந்தாம் வகுப்பு. டாக்டர் சொன்னதும் எனக்குப் புரிந்தது, இவன் சொல்லுவதும் புரிந்தது. இரண்டையும் ஒரே தலையில் வைக்கத்தான் வழி தெரியவில்லை.

விரதம் முடிவதற்குள் பூமுடி எல்லாம் உதிர்ந்தது. அது போதாதென்று காளியின் கிரீடம். தலையில் துணியை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சடைமுடி, அதன் மேல் கிரீடம். அந்தக் கனம் நெற்றியில்தான் உட்காரும். தசரா முடிந்து துணியை அவிழ்த்தபோது அதோடு கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. அவன் அதை யாருக்கும் காட்டாமல் சுருட்டி வைத்துக்கொண்டான். மறுபடி மருந்து விட்டான். மறுபடி பூமுடி வந்தது. மறுபடி மாலை போட வேண்டிய நாளும் வந்தது. அதுதான் போன வருஷம்.

அதற்குச் சற்று முன்னால்தான் உடன்குடிப் பக்கம் ஒரு இடம் வந்தது. கருப்பட்டி வியாபாரம் செய்கிற குடும்பம். பெண் பெயர் முத்துச்செல்வி. தரகர் மூலமாகப் போட்டோ மாற்றிக்கொண்டோம். இவன் மூன்று போட்டோ கொடுத்தான். ஒன்றில் ஹெல்மெட், இரண்டில் தொப்பி. தொப்பி இல்லாமல் ஒன்று எடுக்கலாம் என்றேன். "நேர்ல பாக்கும்போது பாத்துக்கிடலாம் சித்தப்பா" என்றான். பெண் பார்க்கத் தசரா முடிந்து வருவதாகப் பேச்சு.

அந்தப் பெண்ணின் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். "சிரிப்புல ஒரு பல்லு ஏறியிருக்கு, பாத்தியளா? அத மறைக்கவே இல்ல அவ" என்பான். அதைச் சொல்லும்போது அவன் குரல் இளகிப்போகும். வந்த இடங்களில் அவன் வேண்டும் என்று சொன்னது இந்த ஒன்றைத்தான்.

காப்புக் கட்டி வேஷம் போட்டபின் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்க வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். செட்டு ஆட்களை ஏற்றிய குட்டியானை வண்டியை நான்தான் ஓட்டினேன். காளி கட்டியவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்றவளே அம்மா என்றுதான் கூப்பிடுவாள். வேஷத்தில் இருக்கும்போது அவன் வாயில் வருவது அம்மன் வாக்கு என்று சனங்கள் வந்து குறி கேட்பார்கள். நம்பித்தான் கேட்பார்கள். சொல்லுகிறவனும் நம்பித்தான் சொல்லுவான்.

மகிஷாசூர சம்ஹாரத்துக்கு முந்தின நாள், உச்சி வெயிலில், உடன்குடி தாண்டி ஒரு தெருவில் வண்டியை நிறுத்தினேன். மேளம் அடித்தார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணி கொண்டுவந்து காளி காலில் ஊற்றினார்கள். ஒரு அம்மா ஊற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள்.

"தாயே, நான் சுடலைமாடத்தி கேக்கேன். எம் மவளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. முத்தையாபுரம். பையன் ஆர்பர்ல வேல பாக்கான், பேரு தளவாயாம்."

நான் வண்டி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

"மூணு போட்டோ அனுப்பிருக்காவ. மூணுலயும் தலைய மூடிக்கிட்டு நிக்கான். இவ சொல்லுதா முடி கெடையாதுன்னு. நீதான் தாயே சொல்லணும்."

அவள் பின்னால் நின்ற பெண் சிரித்தாள். ஏறின பல் தெரிந்தது. "எம்மா, இதப் போயா அம்மன்கிட்ட கேப்பாவ? நேர்ல வரும்போது தொப்பியக் கழத்தச் சொன்னா தெரிஞ்சிட்டுப் போகுது."

கூட்டம் சிரித்தது. "நீ சும்மா கெட ஏளா" என்று அதட்டினாள் அம்மா.

காளியின் காலில் கட்டியிருந்த சலங்கை ஆட ஆரம்பித்தது. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். அது அருள் இல்லை, பையன் நடுங்குகிறான் என்று எனக்குத் தெரியும். முகத்தில் அத்தனை சாயம், முதுகில் மரக் கைகள், வாயில் தகர நாக்கு. யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"முடி இருக்கா தாயே?"

தகர நாக்கைக் கையில் எடுத்தான். "முன்னால இல்ல."

"மருந்து மாயம் பாத்தா வளருமா?"

இரண்டு வருஷம் விரதம் இருந்து, கிரீடத்தைச் சுமந்து, அவன் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். அதை இந்த அம்மா அவனிடமே கேட்கிறாள். அவன் திரும்பி வண்டியைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன், வேறு என்ன செய்ய.

"வளராது" என்றான்.

அந்த அம்மா முகத்தில் கோபம் எதுவும் இல்லை. யோசித்தாள். பிறகு கேட்டாள்: "சரி தாயே, முடி கெடக்கட்டும். பையன் எப்படி? நல்லவனா? நம்பிக் குடுக்கலாமா?"

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தான். சலங்கை மட்டும் கலகலவென்று ஆடியது. கடைசியில் தட்டில் இருந்த குங்குமத்தை அள்ளி அந்த அம்மா கையில் வைத்தான். பெண்ணும் கை நீட்டினாள். அவளுக்கும் வைத்தான். "அம்மனுக்கு எப்படி வேர்க்கு பாருங்க, பாவம்" என்று அவள் யாரிடமோ சொன்னாள். அவன் திரும்பி வண்டியை நோக்கி நடந்துவிட்டான். மேளக்காரர்கள் பின்னால் ஓடி வந்தார்கள்.

சம்ஹாரம் முடிந்து மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். தேங்காயெண்ணெய் போட்டு முகச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"சித்தப்பா, அங்கன வளராதுன்னு சொன்னது நானா, அம்மனா?"

"எனக்கென்னல தெரியும்."

"அவ சொன்னதுன்னா இனிமே வளராது. நான் சொன்னதுன்னா, அவ பேரச் சொல்லி நான் பேசிட்டேன். அதுக்கும் வளக்க மாட்டா." மறுபடி துடைக்கத் தொடங்கி, "இன்னும் ஒரு வருசம் நேர்ச்ச பாக்கி இருக்கு" என்றான்.

"அத விட்டுத் தொலையேன்."

"எப்படி விட?"

அந்த வாரத்திலேயே உடன்குடியிலிருந்து போன் வந்தது. ஜாதகத்தோடு கொடுத்த நம்பர் என்னுடையது. சுடலைமாடத்தியே பேசினாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. இந்த எடம் வேண்டாம்னு வச்சுக்கிடுவோம்."

"முடிக்காகவா தாயி?" என்றேன்.

"சேச்சே. முடி என்ன முடி. எங்க வீட்டு ஐயாவுக்கு மட்டும் எங்க இருக்கு? எம் மவளே நேர்ல பாப்போம்னுதான் சொன்னா. நான் அம்மன்கிட்ட குறி கேட்டேன் அண்ணாச்சி. முடி இல்லன்னு பட்டுன்னு சொன்னா. வளராதுன்னும் சொன்னா. ஒண்ணையும் மறைக்கல. பையன் நல்லவனான்னு கேட்டேன், வாயே தொறக்கல. குங்குமத்தக் குடுத்துட்டுப் போயிட்டா. அம்மன் வாய் தொறக்காத எடத்துல பொட்டப்புள்ளைய எப்படிக் குடுப்பேன், நீங்களே சொல்லுங்க."

"அந்தக் காளி…" என்று ஆரம்பித்தேன்.

"என்ன அண்ணாச்சி?"

என்ன என்று சொல்ல? அது எங்கள் பையன்தான் என்று சொன்னால், பெண் வீட்டுத் தெருவுக்கே வேஷம் கட்டி வந்து வேவு பார்த்த குடும்பம் என்று பேராகும். செட்டுக்கும் கெட்ட பேர், அம்மனுக்கும் அவமானம். அதன் பிறகு எவன் பெண் கொடுப்பான்? "ஒண்ணுமில்ல தாயி" என்று வைத்துவிட்டேன்.

பேச்சித்தாய் மதினியிடம் ஜாதகம் சரியில்லையாம் என்று சொல்லி முடித்தேன். அவனிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. துறைமுகத்து வாசலில், வேலைக்குப் போகுமுன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். முடிக்காக இல்லை என்றபோது நிமிர்ந்து பார்த்தான். மிச்சத்தையும் சொன்னேன். டீ கையில் ஆறிப்போனது.

"நீயாவது ஒரு வார்த்த நல்லவன்னு சொல்லியிருக்கக் கூடாதால?"

"நானே என்னயப் பத்தி எப்படிச் சித்தப்பா சொல்ல?"

உள்ளேயிருந்து ரோச் கூப்பிட்டான், கப்பல் கரையணைந்துவிட்டதாம். இவன் டீயைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரைக் கடையில் வைத்தான். இரண்டு எட்டு போனவன் நின்றான்.

"நான் சொல்ல முடியாது" என்றான். "அம்மன் சொல்லியிருக்கலாம்லா?"