ஆறாவது பெயர்

சூசையப்பனுக்கு நான் எழுதிக் கொடுத்த மனு பாஸாகிவிட்டது. அதற்குப் பிறகு என் கையால் எழுதிய எந்த மனு பாஸானாலும் எனக்குச் சந்தோஷம் வந்ததில்லை.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தையல் கடை ஓரத்தில் மேசை போட்டு, மலையாளம் எழுதத் தெரியாத நம் தமிழ் ஜனங்களுக்கு மனு எழுதுவது என் பிழைப்பு. வடகரப்பதி சூசையப்பன் பேண்டு செட் மாஸ்டர். தேருக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிளாரினெட் ஊதுவார். ஊதுவதில் மன்னன். ஆள் பிடிப்பதில் அவரைப் போல் ஓர் ஏமாளி இந்தச் சித்தூர் தாலுகாவிலேயே கிடையாது.

அவர் செட்டில் ஆறு பேர். டிரம்பெட்காரன் முன்பணம் வாங்கிக்கொண்டு நேராகச் சாராயக் கடைக்குப் போவான். பெரிய டிரம் அடிக்கிறவனுக்குக் கல்யாண நாளன்றுதான் வயிற்று வலி வரும். நன்றாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒருவன், மச்சான் கூப்பிட்டான் என்று பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டுக்கு பஸ் ஏறிப் போனவன், சீருடையைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஒருமுறை பெரிய சாவு ஒன்றுக்கு ஆறு பேருக்குப் பேசி, இரண்டு பேராக நின்றார்கள். செத்தவரின் மகன் எல்லார் முன்னாலும் மாஸ்டரின் சட்டையைப் பிடித்துவிட்டான். அன்று என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்று அவரோடு நின்ற அந்த இரண்டாவது ஆள் நல்லதம்பி. சைடு டிரம். அவர் வீடு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவு தூரம்தான். பதினேழு வருஷத்தில் ஒரு நாள் தப்பவில்லை. மகளுக்குச் சீர் நடந்த அன்றுகூட, காலையில் ஒரு சாவுக்கு அடித்துவிட்டு, வாய்க்காலில் முழுகி எழுந்துதான் சொந்த வீட்டு விசேஷத்துக்குப் போனார். மாஸ்டருக்கு நெஞ்சு பலவீனம். நீளமான பாட்டில் அவருக்கு மூச்சு வாங்கும் இடம் நல்லதம்பிக்குத் தெரியும். அந்த இடத்தில் டிரம்மை ஓர் உருட்டு உருட்டுவார், அதற்குள் மாஸ்டர் மூச்சு பிடித்துக்கொள்வார். கேட்கிறவர்கள் அதையும் பாட்டென்றே நினைத்துக்கொள்வார்கள்.

எழுபத்துநாலில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. ஏழைக் கலைக்குழுக்களுக்குச் சர்க்கார் தனசகாயம், வாத்தியம் வாங்க இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான்தான் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் தொலைந்திருக்கும்.

மாஸ்டரின் கிளாரினெட்டில் விரலால் அழுத்தும் சாவிகள் இரண்டு ரப்பர் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பொள்ளாச்சியிலிருந்து மைக் வைத்துப் பாடுகிற பார்ட்டிகள் வந்து கல்யாணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் வைகாசியில் அவருக்கு மூன்றே முகூர்த்தம். வீட்டில் ஒருவேளைச் சோறுதான்.

"புது வாத்தியம் வந்தா பசங்க நிப்பாங்க ரைட்டரே" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே, "கவருமெண்டு காசு குடுக்குமுங்க. நம்பிக்கையான ஆளைக் குடுக்குமாங்க?" என்றார்.

"ஒருத்தர் இருக்காருல்லங்க."

"அந்த ஒருத்தனை வெச்சுத்தானுங்க பொழப்பு ஓடுது."

அந்த ஒருத்தரில்தான் சிக்கல். ஆறு பேரும் கேரளத்து ரேஷன் கார்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்று விதி. நல்லதம்பியின் கார்டு அந்தப் பக்கத்துக் கார்டு.

நான் பெரிய மூளைக்காரன் அல்லவா, உடனே வழி சொன்னேன். ஆறாவது பெயராக என் மைத்துனன் கந்தப்பனைப் போடலாம். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். டிரம்மைத் தொட்டதுகூட இல்லை. பெயர் காகிதத்தில் மட்டும், அடிக்கப்போவது நல்லதம்பிதானே என்றேன். மாஸ்டர் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து, "அவன்கிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார்.

"நேரம் பார்த்து நான் சொல்லிக்கிறனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் சொல்லவில்லை. மனு போயிற்று, மாதங்கள் போயின, நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லதம்பி முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை.

பணம் கொடுக்குமுன் ஓர் ஆபீசர் வந்து குழுவை நேரில் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பார்வை. கந்தப்பன் வந்து தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேலை. அதற்குமுன் நல்லதம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, பெயர் கூப்பிடும்போது ஒதுங்கி நிற்கும்படி நான் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஆபீசரின் ஜீப் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றது. கந்தப்பன் வரவே இல்லை. மில்லில் லாரி வந்துவிட்டதாம்.

பணம் என்றதும் மற்ற நாலு பேரும் தலைக்கு எண்ணெய் தேய்த்து வந்து நின்றார்கள். வாசித்தார்கள். மாஸ்டர் அன்று ஊதியது போல நான் கேட்டதில்லை. மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் டிரம் உருண்டது. ஆபீசர் கைதட்டிவிட்டு, லிஸ்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

ஐந்து பெயருக்கு ஐந்து பேர் பதில் சொன்னார்கள். நல்லதம்பி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தன் பெயருக்காக ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

"கந்தப்பன்" என்றார் ஆபீசர்.

ஆபீசர் இன்னொரு தடவை கூப்பிட்டார். நல்லதம்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். நல்லதம்பி என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் செய்தேன்.

"நாந்தானுங்க" என்றார் நல்லதம்பி.

ஆபீசர் காகிதத்தை நீட்டினார். நல்லதம்பிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. அன்று பேனாவை வாங்காமல் கட்டைவிரலை நீட்டினார். ஜீப் போனதும் டிரம்மைக் கழற்றி மாஸ்டரின் சைக்கிளில் மாட்டிவிட்டு, எல்லையைப் பார்த்து நடந்தார். மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். அவர் திரும்பவில்லை.

மூன்று மாதத்தில் பணம் வந்தது. புது கிளாரினெட், புது டிரம். நாலு பேரும் ஆளுக்கொரு பங்கு கேட்டு வந்தார்கள். இல்லை என்றதும் செட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். புது டிரம்முக்கு இரண்டு பேரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார் மாஸ்டர். ஒரு கோயில் தேரில் பாதிப் பாட்டில் மூச்சு முட்டி, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மறுநாள் என் கடைக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னொரு மனு எழுதோணுங்க. கந்தப்பன்னு எழுதுனது பொய், அடிச்சது நல்லதம்பின்னு எழுதுங்க."

"பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க மாஸ்டர். கேஸ்கூடப் போடுவாங்க."

"போடட்டுமுங்க. வாத்தியத்தை வித்துக் கட்டறனுங்க. எனக்கு அவன் வேணுமுங்க."

எழுதினேன். ஆபீசுக்கு அனுப்புமுன் நல்லதம்பியிடம் காட்ட வேண்டும் என்றார். இருவரும் போனோம். அவர் காட்டில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். மண் கையைத் தட்டிவிட்டுக் காகிதத்தை வாங்கினார். அவருக்கு மலையாளம் தெரியாது.

"இதுல எம் பேரு எங்கீங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்து, கிழித்து, கடலைச்செடிக் குவியலுக்கு அடியில் செருகினார்.

"இது போனா உங்க ரண்டு பேரையும் புடிச்சு உள்ள வெச்சுப்போடுவாங்க. வேண்டாமுங்க."

"அப்ப நீ வந்துரு நல்லதம்பி" என்றார் மாஸ்டர். குரல் உடைந்துவிட்டது. "நான் உன் கால்ல வேணாலும் விழறன். நீயில்லாம என்னால ஊத முடியல."

நல்லதம்பிக்கும் கண் கலங்கியது. குனிந்து அடுத்த செடியைப் பிடித்தார்.

"வந்தன்னா கந்தப்பனாத்தானுங்க மாஸ்டர் வரோணும். அது என்னால ஆகாதுங்க."