அக்காவின் வடத்துண்டு

காலையிலிருந்து அது சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. ஒரு சாண் நீளக் கயிறு, என் மணிக்கட்டுப் பருமன். முனைகள் பிரிந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் நைலான் நரம்பால் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. அந்தச் சுற்று அக்காவின் கைவேலை. ஓரத்தில் ஆணி ஏறிய துளை, அதைச் சுற்றித் துருக்கறை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். போட்ட டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. துணி ஊறப்போட்டேன், இன்னும் அலசவில்லை. ஊரிலிருந்து மாமா விடாமல் போன் பண்ணுகிறார். என்ன கேட்பார் என்று தெரியும் என்பதால் எடுக்கவில்லை. நாளை அக்காவின் முப்பதாம் நாள் பூசை. அதற்குள் இந்தக் கயிறு எங்கே போகவேண்டுமோ அங்கே போய்ச் சேரவேண்டும்.

எங்கள் ஊர் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், கடலை ஒட்டி இருக்கிறது. மாதா திருவிழாவின் கடைசி நாள் மாதா ஏறிய சப்பரத் தேர் வரும். சப்பரத்தை இழுக்கிற வடம் இரண்டு: வலது வடம் ஆண்களுக்கு, இடது வடம் பெண்களுக்கு. திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். வரலாம், கும்பிடலாம், உப்பும் மிளகும் போடலாம். வடத்தை மட்டும் தொடக்கூடாது. தொடுகிற கை ஊர்க்காரர் கையாக இருக்கவேண்டும். வடம் நைந்து புது வடம் வாங்குகிற வருஷம், திருவிழா முடிந்த மறுநாள் பழையதைச் சாண் சாணாக வெட்டி வீட்டுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். அதை வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டுவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பக்தி என்பார்கள். எங்களுக்கு அது வீடு. ஊரில் மனையெல்லாம் கோயில் நிலம், தனிப் பட்டா யாருக்கும் கிடையாது. வடத்துண்டு தொங்குகிற வாசலில் எவரும் பூட்டுப் போடத் துணியமாட்டார்கள். வீட்டுக்குரியவர் இறந்து, அடுத்து ஆள் இல்லையென்றால், முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு ஊர்க் கமிட்டி வந்து துண்டைக் கழற்றும்; பிறகு வீடில்லாத வேறு குடும்பத்தைக் குடிவைக்கும். நல்ல ஏற்பாடுதான், யாரை ஆளாகக் கணக்கில் சேர்ப்பது என்கிற கேள்வி வராதவரைக்கும்.

அக்கா ஒரு காலத்தில் எனக்கு அண்ணன். மீசை அரும்புவதற்கு முன்பே அப்பாவோடு வள்ளத்தில் போனவள். வலை இழுத்து இழுத்துத் தோள் அகன்றுபோனது. பின்னாளில் அதை மறைக்க முந்தானையை இரண்டு பக்கமும் இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அப்பா இறந்த பிறகு ஒருநாள் துணிப்பையோடு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டாள். வெகுகாலம் தகவல் இல்லை. அம்மா வாதத்தில் விழுந்தபோது நான் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் ஓடிவந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்ப ஓடுவேன். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால், பச்சைச் சேலை கட்டிய நெட்டையான பெண்ணொருத்தி அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "என்னளா, ஆளு தெரியலயா? கஞ்சி பொங்குது பாரு, எறக்கு" என்றாள். அத்தனை வருஷம் கழித்து வந்தவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு அடுக்களையிலேயே நின்று அழுதேன்.

ஊர் அவளைச் சேர்த்துக்கொண்டதா என்று கேட்டால், வேலைக்குச் சேர்த்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். கரையில் ஏலம் எடுத்து மீன் விற்கப்போகும் பெண்களோடு அவளும் போனாள். கனத்த கூடையைத் தலைக்குத் தூக்கிவிட அவள் வேண்டும். ஏலக்காரன் சத்தம் போட்டால் அவனைவிடப் பெரிதாகச் சத்தம் போட அவள் வேண்டும். மினிபஸ்காரன் மீன்கூடை நாறுகிறது என்று பெண்களை இறக்கிவிட்டபோது, நடுரோட்டில் பஸ்ஸை மறித்துக்கொண்டு சாளைக் கூடையோடு நின்று, "ஏத்துதியா, இல்ல உன் மடியில கொட்டட்டா?" என்று கேட்டவள் அவள்தான். அன்றிலிருந்து கூடைகள் ஏறின. அதே பெண்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டதில்லை. ஆண்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவள் கடந்துபோன பிறகு கைதட்டுவார்கள். அவள் திரும்பி நின்று, "தாளம் தப்புது, மறுக்கா தட்டுங்க" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்லுவாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பைக் காணோம்.

மறுபடி போன். மாமாதான். அடிக்கட்டும்.

மாமா அம்மாவுடன் பிறந்தவர். அப்போதும் இப்போதும் கமிட்டித் தலைவர். கெட்ட மனிதர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அம்மா படுத்துக் கிடந்த காலமெல்லாம் நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுத்தனுப்பியவர் அவர். சவப்பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தவரும் அவர். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவரேதான் ஸ்டூலில் ஏறி வாசல் துண்டைக் கழற்றினார். "மகன் இருந்தா மகனுக்கு, மக இருந்தா மகளுக்கு. உன்ன நான் யாருன்னு ஊருக்குச் சொல்ல?" என்றார். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன். அக்கா கலெக்டர் ஆபீசில் வாங்கியிருந்த திருநங்கை அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்து, "போட்டா நல்லா விழுந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். திருவிழா வரை தங்கலாம், அதன்பிறகு வீட்டைக் காலிசெய்யவேண்டும் என்று முடிவானது.

நான் சும்மா இருக்கவில்லை. டவுனில் ஒரு சங்கத்தைக் கூட்டிவந்தேன். கூட்டம் போட்டார்கள், சமோசா கொடுத்தார்கள், பேனருக்கு முன்னால் அக்காவை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வக்கீலிடம் போனேன், நிலம் கோயில் பேரில் இருக்கிறது, வழக்கு முடிவதற்குள் கிழவியாகிவிடுவீர்கள் என்றார். மாப்பிள்ளையூரணிப் பக்கம் வாடகை வீடு தேடி அலைந்தேன். போனில் சரியென்றவர்கள் நேரில் அக்காவைப் பார்த்ததும் சொந்தக்காரர் குடிவருகிறார் என்றார்கள். அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் ஒரே வாரத்தில் எங்கிருந்து சொந்தக்காரர்கள் முளைத்தார்களோ, நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் வீட்டை விட்டால் அவளுக்குத் தலைசாய்க்க வேறு இடம் இல்லை. பாத்திரம் விளக்கும்போது அவள் கை அதிகமாகச் சத்தம் போட்டது.

அந்த வருஷம் புது வடம் வந்திருந்தது. பழைய வடத்துக்கு அதுதான் கடைசி ஓட்டம். வடத்துப் பக்கம் வரவேண்டாம் என்று மாமா அக்காவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். வலதா இடதா என்று சண்டை வந்து திருவிழா கெட்டுவிடும் என்பது அவர் பயம். அவள் குகை மாதிரிக் கட்டிய கெபிக்குப் பக்கத்தில், மாதா சுரூபத்துக்குக் கீழே, வெளியூர்ச் சனத்தோடு நின்றாள். நானும் கூட நின்றேன். நான் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள், எனக்கும் அந்த வடத்தில் உரிமை இல்லை. மத்தியானம் அடித்த மழையில் கடற்கரைத் திருப்பம் சேறாகிக் கிடந்தது. சப்பரம் அங்கே வந்ததும் ஒரு சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. சப்பரம் சாய்ந்தது. "மாதாவே!" என்று சனம் அலறியது. எங்கள் ஊரில் சப்பரம் விழுந்தால் அந்த வருஷம் கடலுக்குப் போகவே பயப்படுவார்கள். மாமா சப்பரத்தின் தண்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். அந்தப் பதற்றத்தில் அவர் கண்ணில் பட்டவை அக்காவின் தோள்கள். "ஏலே, வேடிக்கையா பாக்க? வந்து வடத்தப் பிடி!" என்று ஆண்கள் பக்கம் கையை வீசினார்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். போர்த்தியிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஊரே பார்க்க அந்தத் தோள்கள் வெளியே தெரிந்தன. நேராக வலது வடத்தைப் பார்த்து நடந்தாள். பசிக்கிறவளுக்கு எச்சில் சோற்றை நீட்டுகிறார்களே, இவளும் வாங்கிக்கொள்ளப் போகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. அவள் வடத்துக்குப் பக்கத்தில் போய், தொடாமல் குனிந்து, அதற்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய் இடது வடத்தைப் பிடித்தாள். பெண்களின் கை ஒரு கணம் தளர்ந்தது. மீன் விற்கிற பெண்களில் மூத்தவள், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள், தான் நின்ற இடத்தை விட்டுப் பின்னால் நகர்ந்து, "நிக்கியே, பல்லக் கடிச்சிட்டு இழுளா!" என்றாள். எல்லோரும் இழுத்தார்கள். சப்பரம் மேலே ஏறி வந்தது.

மறுநாள் கோயில் முற்றத்தில் வடம் வெட்டினார்கள். வீடு வீடாகக் கூப்பிட்டுத் துண்டு கொடுத்தார்கள். எங்கள் வீட்டைக் கூப்பிடவில்லை. எல்லோரும் வாங்கி முடிக்கிற நேரத்தில் அக்கா முன்னால் போய் நின்றாள். "ஊர்க்காரங்க இல்லாத ஆளு வடத்தத் தொடப்புடாது. நேத்து என்னக் கூப்பிட்டது நீங்கதான மாமா?"

"நான் கூப்பிட்டது அந்தப் பக்கத்துக்கு."

"எந்தப் பக்கம்னு ஆயுசு பூரா சண்ட போட்டுக்கிடுவோம். ஊருக்கு உள்ளயா, வெளியவா? அத இப்பச் சொல்லுங்க."

மாமா பங்குச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். அப்போது பெரியம்மா தான் வாங்கிய துண்டைக் கொண்டுபோய் வெட்டுக்கட்டைமேல் திரும்ப வைத்தாள். அவளைப் பார்த்து மற்ற மீன்காரப் பெண்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். மாமா அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு மிச்ச வடத்தில் ஒரு சாண் அளந்து வெட்டி, அக்காவின் காலடியில் படிமேல் போட்டார். அக்கா குனியவில்லை. "கையில குடுங்க மாமா" என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஒருவரும் கலையவில்லை. கடைசியில் அவர் குனிந்து எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல், உள்ளங்கையில் வைத்தார்.

அந்தத் துண்டுதான் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. அக்கா அதை மாட்டிய வாசலுக்குள் பிற்பாடு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். அவளும் அக்காவைப் போலத் திருநங்கை; கயத்தாற்றுப் பக்கத்தில் வீட்டில் அடித்துத் துரத்திவிட்டார்கள். அக்கா மகளாக வைத்துக்கொண்டாள். தையல் மிஷினில் ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் அவள்தான் தைக்கிறாள். என்னைச் சித்தி என்பாள். போன மாதம் நெஞ்சுவலி வந்து அக்கா போனபோது அந்தப் பிள்ளைதான் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து திரும்பும்போதே கமிட்டிக்காரர் ஒருவர், மாமா பேரனுக்குக் கல்யாணம் வருகிறது, இனி இந்த வீடு தோது என்று பேசியது என் காதில் விழுந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. யாரும் பார்க்காதபோது ஆணியிலிருந்து துண்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இனி எதைக் கழற்றுவீர்கள் என்று எனக்குள் ஒரு வீம்பு.

வீம்பு இறங்கியபிறகுதான் உறைத்தது. துறைமுகத்தில் இத்தனை வருஷமாகச் சரக்குப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான். சீல் இருக்கிற பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? சீலைப் பத்திரப்படுத்துகிறேன் என்று நானே பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். நேற்று அந்தப் பிள்ளை போனில், "சித்தி, வாசல் மூளியா இருக்கு. போறவாறவங்க நிலையையே பாத்துட்டுப் போறாவ" என்றாள். குறை சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். அதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அக்கா போராடி வாங்கியது அக்காவோடு தீர்ந்துவிடுமென்றால், அடுத்து வருகிறவள் மறுபடி முதலிலிருந்து சக்கரம் புதைகிற நாளுக்காகக் காத்திருக்கவேண்டுமா? இவள் தோள் ஒடுங்கிய பிள்ளை. இவளை யார் வடத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். "கொண்டா, நாங்க அந்தப் பிள்ள வாசல்ல இருக்கோம்" என்று வைத்துவிட்டாள்.

துண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். செருப்பை மாட்டும்போது திரும்பவும் மணி அடித்தது. இந்த முறை எடுத்தேன். மாமா குரல் கிழடு தட்டியிருந்தது. "ஏளா, அந்தத் துண்டு உங்கிட்டதான இருக்கு? பூசைக்கு முன்ன கொண்டாந்து எங்கிட்ட ஒப்படச்சிரு."

"கொண்டுட்டுதான் வாரேன் மாமா," என்றேன். "உங்ககிட்ட இல்ல. அந்தப் பிள்ள கையில குடுக்க வாரேன்."

போனை வைத்தேன். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.