சித்தியின் பென்சில் நட்சத்திரங்கள்

வானத்தில் நட்சத்திரம் பதித்தவர் யாராக இருந்தாலும் முதலில் சித்தியிடம் வந்து தொழில் பழகியிருக்க வேண்டும். அவளைப் போல் இடம் பார்த்து நட்சத்திரம் போடும் ஆள் ஈரேழு பதினாலு உலகத்திலும் கிடையாது.

சித்திக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. இந்த வாரம் மேசையில் ஆங்கிலம், ஜெர்மன் போன்றவற்றுக்குத் தாயான மூல ஜெர்மானிய மொழியின் வினைச்சொல் ஒன்று: 'பெரனன்', அதாவது சுமப்பது. 'பர்' என்றால் சுமந்தான். 'பேருன்' என்றால் சுமந்தார்கள். அந்த மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்குப் பிறந்த மொழிகளை வரிசையாக நிறுத்தி, சாயல் பார்த்து, தாயின் முகத்தை வரைவதுதான் சித்தியின் பிழைப்பு. வரைந்த சொல்லுக்கு முன்னால் பென்சிலால் ஒரு நட்சத்திரம். 'கண்ணால பாக்கல, ஆனா சத்தியமா இருந்திருக்கும்' என்று அர்த்தம்.

விடுமுறையில் வீட்டில் விட்டால் கூரை தங்காது என்று, சித்தியின் அக்கா தன் மகள் வாலுவைக் கூடவே அனுப்பியிருந்தாள். வாலு சும்மா இருப்பாளா? சித்தியின் சாப்பாட்டு டப்பாவில் ஒரு நட்சத்திரம் போட்டாள். தலைமைப் பதிப்பாளரின் நாற்காலியிலும் ஒன்று. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லையே! சித்தி டீ குடிக்கப் போன நேரத்தில், அவள் பக்கத்தில் இருந்த, மகள் மொழிகளில் ஒன்றான கோதிக்கின் சொல்லுக்கும் ஒன்று. பழைய ஏட்டில் பளிச்சென்று எழுதியிருக்கும் அந்தச் சொல்லுக்கு நட்சத்திரமே ஆகாது.

சித்தி திரும்பி வந்து உட்கார்ந்ததும் பதிப்பாளர் கதவு வழியே தலையை நீட்டினார். "பக்கத்தை அனுப்பும்மா. ஒரு நட்சத்திரம் இடம் மாறியிருந்தாலும் உன் வேலை நிரந்தரம் ஆகாது, இப்பவே சொல்லிட்டேன்."

மேசையிலிருந்த ரப்பரை வாலு கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சித்தி, நான் கொண்டு போய்க் குடுக்குறேன்!"

சித்தி பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். அவளிடம் நீட்டினாள்.

நடைவழிச் சுவரில் தாளை வைத்து, ரப்பரால் மூச்சு வாங்க அழித்து ஊதிவிட்டுத்தான் வாலு உள்ளே போனாள். பதிப்பாளர் வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். "நிரந்தரம்னு போய்ச் சொல்லு."

ஓடி வந்து சொன்னவளின் காதைச் சித்தி பிடித்தாள்.

"டப்பா, நாற்காலி, என் பக்கம். மூணு நட்சத்திரத்துக்கும் ஒரே நொண்டிக் கால். பெத்த கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஐயோ, தெரிஞ்சுமா என்கிட்ட குடுத்த? நான் அழிக்காமப் போயிருந்தா?"

சித்தி பென்சிலை எடுத்து அவள் நெற்றியில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

"நீ அழிச்சதை நான் கண்ணால பாக்கலடி, கழுதை."