கண்டக்டர் பிடித்த தெருக்கள்

கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் திருமலைசாமி கண்டக்டராக இருந்தார். சொந்த ஊர் காரமடை. கல்யாணமான பிறகு சுக்கிரவார்பேட்டைச் சந்து ஒன்றில், மனைவி பங்காரம்மாவுடன் வாடகைக்குக் குடியிருந்தார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷன். ஆனால் ஒன்று மனசில் விழுந்துவிட்டால் அதை லேசில் விடமாட்டார்.

1958-ஆம் வருஷத்துச் சீசனில் அப்படி ஒரு கேள்வி விழுந்தது. மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஒரு குடும்பம், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது. வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

"ஏம்ப்பா கண்டக்டர், வண்டி கிளம்பற வரைக்கும் இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார் குடும்பத் தலைவர்.

திருமலைசாமி வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து யாரோ, "மில்லுச் சங்கு ஊதும், கேட்டுப்போட்டுப் போங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. திருமலைசாமியும் சிரித்துக்கொண்டேதான் டிக்கெட் கிழித்தார். ஆனால் வண்டி கல்லாறு தாண்டி மலையேறும்போது அது உள்ளே உறுத்த ஆரம்பித்தது. யாரும் குறுக்கே பேசாமல் இருந்திருந்தாலும் தன்னால் பதில் சொல்லியிருக்க முடியாது என்பதுதான் உறுத்தல். தினமும் மணிக்கூண்டைத் தாண்டிப் போகிறோம், ராஜ வீதியில் நடக்கிறோம், ஒன்றையும் ஏறிட்டுப் பார்த்ததில்லையே என்று நினைத்தார்.

ஊட்டியில் வண்டி நின்றதும், படம் போட்ட தபால் கார்டு விற்கும் கடைக்குப் போனார். ஏரி, பூங்கா, சர்ச்சு, குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் கம்பியில் வரிசையாகத் தொங்கின.

"கோயமுத்தூர்ப் படம் இருக்குதுங்களா?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோயமுத்தூர்ல எதைப் போயிப் படம் புடிக்கறது?"

அடுத்த மாதமே ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பங்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாரைப் படம் புடிக்கப் போறீங்க?"

"தெருவை."

"எந்தத் தெருவை?"

"எல்லாத் தெருவையுந்தான்."

பங்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கு அவரைத் தெரியும்.

முதல் சுருளைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோ மயில்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க கண்டக்டர், உங்க மணிக்கூண்டு கள்ளுக் குடிச்சுப்போட்டு நிக்குதாட்ட இருக்குதுங்களே!" உண்மைதான். படத்தில் எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. திருமலைசாமி ஆசாரியிடம் சொல்லி மூன்று கால் வைத்த ஒரு மரத் தாங்கி செய்துகொண்டார். கொத்தனார்கள் சுவர் கட்டும்போது தொங்கவிடுகிற தூக்குக்குண்டைப் போல, ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி அதன் பக்கவாட்டில் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு மணிக்கூண்டு நிமிர்ந்தது.

ஆட்கள்தான் பெரிய தொந்தரவு. கேமராவை எடுத்து வைத்தால் போதும், டீக்கடையிலிருந்து நாலு பேர் தலையை வாரிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்கள். "நம்மளையுஞ் சேர்த்து எடுங்க" என்பார்கள். ஊட்டிக் கார்டுகளில் ஆட்கள் இல்லை. ஆகவே தன் கார்டிலும் இருக்கக்கூடாது என்பது அவர் முடிவு. வார ஓய்வு நாளில் கருக்கலிலேயே எழுந்து போய், வெளிச்சம் வந்ததும் தெரு விழித்துக்கொள்ளும் முன் எடுத்துவிடுவார். ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, தேர் நிற்கும் தேர்முட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

ராஜ வீதியில் பஞ்சு வியாபாரி வெங்கடபதியின் வீடு மட்டும் அகப்படவில்லை. தாத்தா காலத்து மாடி வீடு அது. முன்பக்கத் தேக்குத் தூண்களின் உச்சியில் கிளிகள் செதுக்கியிருக்கும். திருமலைசாமி போய்க் கேட்டபோது வெங்கடபதி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நீங்க எந்த ஆபீஸுங்க?"

"ஆபீஸெல்லாம் இல்லீங்க. நான் பஸ் கண்டக்டருங்க."

"கண்டக்டருக்கு எங்க ஊட்டுல என்ன வேலை? நீங்க படத்தைக் கொண்டுபோய் முனிசிபாலிட்டியில குடுப்பீங்க, அவங்க ரோட்டை அகலம் பண்றோம்னு எங்க தூணை இடிப்பாங்க. போயிட்டு வாங்க."

அடுத்த ஓய்வு நாளும் போனார். அதே பதில். அதற்கடுத்த வாரம் கேட்கக்கூட இல்லை. எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த ஜவுளிக்கடை ஓரமாகக் கேமராவை மூடி வைத்துக்கொண்டு நின்றார்.

"தெருவுல நின்னு எடுத்தா ஆருங்க கேப்பாங்க? டக்குனு எடுத்துப்போட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் பங்காரம்மா.

"வேண்டாங்கறவங்க ஊட்டை எடுத்தாத் திருடுன மாதிரி ஆயிப்போகும். அவரே எடுங்கன்னு சொல்லோணும்."

இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது. ஒருநாள் நல்ல மழை. திருமலைசாமி குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு நின்றார். வெங்கடபதிக்குப் பொறுக்கவில்லை. மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க, உள்ள வாங்க! சளி புடிச்சு எம்மேல பழி போட்டுறாதீங்க."

உள்ளே துண்டும் காப்பியும் வந்தன. "எதுக்குங்க இத்தனை புடிவாதம்?" என்று வெங்கடபதி கேட்க, திருமலைசாமி மெட்ராஸ்காரர் கேட்டதையும், பஸ் சிரித்ததையும், ஊட்டிக் கடைக்காரர் பார்த்த பார்வையையும் அப்படியே சொன்னார். "மில்லுச் சங்குன்னா சொன்னான்?" என்று வெங்கடபதி முணுமுணுத்தார். எழுந்து போய்த் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சாயங்காலம் வெயில் நேரா இந்தக் கிளி மேல உழுகும். மழை விட்ட பொறவு அப்ப வந்து எடுங்க. படம் நல்லா இருக்கோணும், ஆமா."

அப்படி எல்லாம் சேர்த்து, தபால் கார்டுத் தாளில் மயில்சாமியைக் கொண்டு பிரிண்ட் போட்டு, ஊட்டிக் கடைக்காரரிடம் கெஞ்சிக் கம்பியில் தொங்கவிட்டார். ஒரு சீசன் முழுக்கத் தொங்கியது. ஒன்றுகூடப் போகவில்லை. "ஊட்டிக்கு வர்றவங்க ஊட்டியத்தாங்க வாங்குவாங்க" என்று கடைக்காரர் கார்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரயிலடிப் புத்தகக் கடையிலும் அதே கதைதான். கார்டுகள் தகரப் பெட்டிக்குள் போயின. திருமலைசாமி ஓய்வு நாளில் எழுந்து போவதை மட்டும் நிறுத்தவில்லை. விற்காவிட்டால் என்ன, ஊர் இருக்கிறதல்லவா என்பார்.

1962-ஆம் வருஷம் கார்த்திகை மாதம். வடக்கே எல்லையில் சண்டை. பெட்டியில் பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று பங்காரம்மா கார்டுகளை எடுத்து வாசலில் வெயிலுக்குப் பரப்பியிருந்தாள். தேர்முட்டியில் கீரைக்கடை போடும் சின்னாத்தாள், வழக்கம்போலக் காலையில் கூடையோடு வந்தாள். அவள் மகன் சுப்பையன் பட்டாளத்தில் இருந்தான். கூடையை இறக்கி வைத்தவள் ஒரு கார்டைக் கண்டதும் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மணி, இது நம்ம தேர்முட்டியாட்ட இருக்குதுங்களே?"

"அதேதான்."

"என்ற பையனுக்கு இதைத் தபால்ல போடலாமுங்களா?" என்றவள், கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினாள். "நான் உக்கார்ற எடம் இந்த வேப்பமரத்தடிங்க. நான் எங்கீங்க?"

திருமலைசாமி உள்ளேயிருந்து வந்தார். "ஆள் வர்றதுக்கு முன்னால எடுத்தது ஆத்தா."

சின்னாத்தாளின் முகம் வாடிவிட்டது. "எடம் காலியாக் கிடக்கறதைப் பாத்தா, ஆத்தாளுக்கு ஒடம்புக்கு ஆகலியோ, ஏவாரத்துக்கு வரலியோன்னு வெசனப்படுவானுங்களே!"

பரப்பியிருந்த கார்டுகளைத் திருமலைசாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷம் ஆட்களை ஒதுக்கி ஒதுக்கி எடுத்த படங்கள் அத்தனையும் வாசலில் கிடந்தன. ஒன்றிலும் ஒருத்தரும் இல்லை. ஊரையே காலி செய்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

அந்த வார ஓய்வு நாளில், சந்தை நேரத்தில் தேர்முட்டிக்குப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் கேமராவை வைத்தார். சின்னாத்தாள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள்.

"என்னையப் பாக்காதே ஆத்தா. நீ பாட்டுக்கு ஏவாரத்தைப் பாரு."

அவள் ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஒரு அம்மாளிடம் நீட்டிச் சிரித்தபோது எடுத்தார். படம் எல்லைக்குப் போயிற்று.

பொங்கல் கழிந்து சின்னாத்தாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "பையன் நல்லா இருக்கானுங்க! படத்தைப் பாத்துப்போட்டு அங்க இருக்கற நம்மூர்ப் பசங்கெல்லாம் கேக்கறாங்களாமுங்க. பீளமேட்டுக்காரனுக்கு மில்லு வாசல் வேணுமாம். அன்னூர்ப் பையனுக்குக் கோயில் வீதி வேணுமாம்!"

அதற்குப் பிறகு திருமலைசாமியைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டாளத்துக்குப் பையனை அனுப்பியவர்கள், பம்பாய்க்கு வேலைக்குத் தம்பியை விட்டவர்கள், பெண்ணைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தவர்கள். "எங்க தெரு இருக்குதுங்களா?" என்று வாசலில் வந்து நின்றார்கள். இல்லாத தெருவுக்கு அடுத்த வாரமே போனார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் பீளமேட்டு மில் வாசலில் நின்றார். அன்னூருக்குப் பஸ் பிடித்துப் போய்க் கோயில் வீதியை எடுத்தார். மயில்சாமி சிரிப்பதை விட்டுவிட்டு, பிரிண்ட் போட்டு மாளவில்லை என்று புலம்பினார்.

1964-இல் சுப்பையன் லீவில் வந்தான். அம்மாவோடு திருமலைசாமி வீட்டுக்கு வந்து, மடங்கி அழுக்கேறிய அந்தக் கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"ஒரு நா விடாமப் பாத்தனுங்க. இப்ப நேர்ல போய் நின்னா, அந்த வேப்பமரத்தைக் காணமுங்களே?"

"மரத்தைக் காணமா?" என்றார் திருமலைசாமி.

"போன வாரம் வெட்டிப்போட்டாங்க. நான் இப்ப சாக்கைக் கட்டி நெழலுக்கு உக்காந்திருக்கறனுங்க" என்றாள் சின்னாத்தாள்.

திருமலைசாமி எழுந்து உள்ளே போனார். எந்தத் தெருவையும் ஒரு தரம் எடுத்தால் முடிந்தது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார். மூன்று கால் தாங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்ததும் பங்காரம்மா கேட்டாள்.

"இப்ப எங்கீங்க?"

"தேர்முட்டிக்கு. அப்பறம் ஒப்பணக்கார வீதி. எல்லாத்தையும் மொதல்ல இருந்து எடுக்கோணும்."

"சோறு ஆறிப்போகுமுங்களே!"

"வந்து திங்கறேன். வெயில் நிக்காது" என்று சொல்லிக்கொண்டே அவர் சந்து முனையைத் தாண்டிப் போனார்.