அத்தை பேர் இல்லாத பட்டியல்

என் நைனா பெயர் வீரபத்திரன். அம்மையார்குப்பத்தில் முப்பது வருஷம் லுங்கி நெய்தவர். நாலு பவர்லூம் வாங்க, வீட்டை ஒரு பைனான்ஸ் கம்பெனியில் அடமானம் வைத்தார். நூல் விலை ஏறியது, தவணை நின்றது. போன தை மாதம் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். சிலர் சத்தமாகவே படித்தார்கள்.

திருத்தணி வக்கீல் ஹேமநாதன் நேராகச் சொன்னார்: "வீட்டைக் காப்பாத்த முடியாதுங்க. மத்த கடன்காரங்களுக்கு வேணா மஞ்சக் கடுதாசி குடுக்கலாம். திவால் மனு. ஒருத்தர் விடாம எழுதிக் குடுங்க."

மஞ்சக் கடுதாசி வந்தால் பணம் போயிற்று என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடுதாசி கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. நூல் வியாபாரி துரைக்கண்ணு டீக்கடையிலேயே கேட்டார்: "என்னா வீரபத்திரா, எனக்குப் பத்திரிகை எப்போ வருது? மஞ்சள் தடவினதுதானே?" நைனா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயந்திரம் அவர் சொல்லச் சொல்ல நான்தான் பட்டியல் எழுதினேன். பதினோரு பேர். பன்னிரண்டாவதாக, "அம்சா, மூணு சவரன்" என்றார், குரல் இறங்கி. அம்சா அத்தை அவர் தங்கை. நூல் வாங்கக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவள். அவளுக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் போவதை நினைக்க எனக்குக் கூசியது. எழுதினதுபோல் தலையாட்டினேன். எழுதவில்லை. நைனா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குச் சீல் வைத்த பிறகு ஊரில் இருக்க முடியாமல் திருத்தணியில் ஓர் அறைக்கு வந்தோம். நைனா ஒரு துணிக்கடையில் மூட்டை இறக்குகிறார்.

போன வாரம் அத்தை பூவும் பழமுமாக வந்தாள்.

"துரைக்கண்ணுக்குக் கடுதாசி வந்துச்சாம், எல்லாருக்கும் வந்துச்சாம். எனக்கு மட்டும் வரலை. சங்கிலி போச்சுன்னு எங்க வூட்டுக்காரர் தினம் சண்டை போட்டுக்கினு இருந்தாரு. 'பாத்தியா, எங்கண்ணன் என்னை ஏமாத்த மாட்டான்'னு சொல்லிட்டேன் அண்ணே."

நைனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆங்," என்றார். "தந்துடுவேம்மா. கொஞ்சம் நாளாவும்."

அத்தை போன பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அதே கடையில் காவல் வேலையையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடையில் ஆள் கேட்கிறார்கள். திங்கட்கிழமை போகிறேன். முதல் சம்பளத்தை அத்தையிடம் கொடுக்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும்.