நெற்றி இல்லாத இஞ்சின்

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபோது காடிக்குள் நாங்கள் நான்கு பேர். நான், பின்னால் என் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் கல்யாணப் பெண், எனக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மாலை.

மாலைக்கு எதற்குப் பெல்ட் என்றால், அதைக் கூடையோடு முன்சீட்டில் வைத்ததும் காடி டிங் டிங் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. கூடையின் கனத்தைப் பார்த்து யாரோ ஆள் ஏறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டது. லகாட்டிலிருந்து பத்து காஜா டவுன் வரை விடாமல் கத்தியது. பெல்ட்டை இழுத்து மாலைக்கு மாட்டிய பிறகுதான் வாயை மூடியது. புதுக் காடி அப்படித்தான். அதற்கு எல்லாம் தெரியும்; மாலைக்கும் மனுசனுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரியாது.

கல்யாணப் பெண் என் தங்கையின் மகள். எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போகாமல் பெண் மணவறை ஏறமாட்டாள். அந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான், ஸ்பேர் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். அவர்கள் ஊர்க் கோயிலில் பத்தரைக்கு முகூர்த்தம். ஆகவே விடிந்தும் விடியாததுமாக இரண்டு காடிகளில் புறப்பட்டோம். என்னுடையது முன்னால், தங்கை கணவனான என் மச்சானுடையது பின்னால்.

பெண் எந்தக் காடியில் வருவது என்று முதல் நாள் சாயங்காலம் தங்கை வீட்டு வாசலில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. மச்சானும் நானும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே ரப்பர் பால்மரத்தின் பின்னால் ஒளிந்து சிகரெட் பிடித்து, ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். அந்தத் தோட்டமே இன்று வீடமைப்புத் திட்டமாக மாறிவிட்டது. மச்சான் காடியை மட்டும் மாற்றவில்லை. அது கல்யாணப் பெண்ணைவிட மூத்தது.

“எம் பொண்ணு எங் காடியில வரட்டும் மச்சான். அதுதான் மொறை லா” என்றான்.

“ஒங் காடியில ஏர்கோன் இருக்கா?”

“கண்ணாடிய எறக்குனா அதான் ஏர்கோன்.”

“எறங்குனாத்தானே!”

அவன் காடியின் பின்கண்ணாடிகள் இரண்டும் இறங்குவதை நிறுத்திப் பல வருடமாகிறது. அதற்குமேல் வாதமே தேவைப்படவில்லை. பெண் தன் முகத்தில் போடப்போகும் மேக்கப்பை நினைத்துப் பார்த்துவிட்டு, “நான் மாமா காடியில வாரேன்” என்று சொல்லிவிட்டாள். நான் தேர்தலில் ஜெயித்தவன் போல வீட்டுக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால், என் காடியை நினைத்தாலே எனக்குப் பயம். மச்சானுடையது கெடாத மாதம் இல்லை. ஆனால் கெட்ட இடத்திலேயே அதை எழுப்பிவிடுவான். அவன் காடியின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் திறந்தால் கம்பிச் சுருள், ஸ்பேனர், தண்ணீர்ப் போத்தல்கள், கூடவே பாதி தேய்ந்த ஒரு சவர்க்காரக் கட்டி. பெட்ரோல் டாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பான். என் காடி வாங்கிய நாளிலிருந்து ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை. அதனால்தான் பயம். தும்மினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. பூட்டில் ஸ்பேர் டயர்கூட இல்லை. டயருக்குள் அடிக்கச் சொல்லி ஒரு மருந்து டின்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பயத்தில்தான் புறப்படுவதற்கு முன் பூசை கொஞ்சம் பலமாகிவிட்டது. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். மனைவி கற்பூரம் சுற்றினாள். வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற காடி ஆயிற்றே, இஞ்சினுக்கே திருநீறு பூசிவிடலாம் என்று பானட்டைத் திறந்தேன். மச்சான் காடியில் பானட்டைத் திறந்தால் இஞ்சின் மாமனார் மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கும். என் காடியில் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது செய்தவனுக்கே வெளிச்சம். பொட்டு வைக்க நெற்றியைக் காணோம்.

தடவித் தடவிப் பார்த்ததில் கையாலேயே திறக்கக்கூடிய பெட்டி ஒன்று அகப்பட்டது. கொக்கிகளை விலக்கித் திறந்தேன். உள்ளே காற்றை வடிகட்டும் அட்டை. மூடியிலிருந்து இஞ்சின் பக்கமாகப் போகிற ஒரு பெரிய குழாய். பார்க்கத் தொண்டை மாதிரியே இருந்தது. ஒரு பிடி திருநீற்றை அள்ளி, “முருகா, நல்லபடியா கொண்டுபோய்ச் சேத்துருப்பா” என்று அந்தத் தொண்டைக்குள் தூவினேன். மூடியின் உட்புறத்தில் மூன்று பட்டையும் இழுத்தேன்.

“என்னாங்க, உள்ள எல்லாம் போடலாமா?” என்றாள் மனைவி.

“பிரசாதம் உள்ளதான் போகணும்” என்றேன்.

இனி மஞ்சள் விளக்குக்கு வருவோம். இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், நடுவே நேரான சாலை, எங்கேயும் ஒரு கடைகூட இல்லை. அந்த இடத்தைப் பார்த்துத்தான் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் காடி இழுக்கவில்லை. தேங்காய் ஏற்றிய ஒரு மோட்டார்சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அமைதியாக யோசிக்கக்கூடிய மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அதை அன்றோடு விட்டுவிட்டேன். சாலையோரம் ஒதுக்கி, பட்டனை அமுக்கி இஞ்சினை அடைத்து, “எல்லாரும் எறங்குங்க! வெடிக்கப் போவுது!” என்று கத்திக்கொண்டே குதித்தேன். குதித்தவன் முதலில் காப்பாற்றியது மாலையை. பெல்ட்டைக் கழற்றி, கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு செம்பனை மரத்தடிக்கு ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மனைவி காடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வையை அவள் இன்னும் முழுதாகத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தும் வெடிக்கவில்லை. வெட்கத்தோடு மாலையைக் கொண்டுவந்து சீட்டில் வைத்துவிட்டு, வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். திரையில் என்னென்னவோ மின்னியது. இஞ்சின் அசையவில்லை. இன்னொரு முறை அமுக்கினேன். மறுபடியும் மின்னல்தான், மழையைக் காணோம்.

அதற்குள் மச்சானின் காடி இருமிக்கொண்டே வந்து பின்னால் நின்றது. பெட்ரோல் மினியாக் மிச்சமாகட்டும் என்று அவன் இஞ்சினை அடைத்துவிட்டு இறங்கினான். அந்த அடைப்பை மறந்துவிடாதீர்கள்.

“என்னா மச்சான், மூச்சு வாங்குற?”

“இஞ்சின் மாத்தி லா மச்சான். செத்துப்போச்சு.”

ஸ்பேனரோடு வந்து பானட்டைத் திறந்தான். கருப்பு மூடியைப் பார்த்தான். குனிந்து பக்கவாட்டில் பார்த்தான். வழுக்கைத் தலைக்காரனை உட்காரவைத்துவிட்டுச் சீப்போடு நிற்கும் முடிவெட்டுபவன் போல நின்றான்.

“எங்கலா இஞ்சின்?”

“அதுக்கு அடியில எங்கயோ இருக்கு.”

“வாங்குறப்ப பாத்தியா?”

கடைசியில் அவன் கையிலும் அகப்பட்டது அதே பெட்டிதான். திறந்து, மூடியைத் தூக்கி, குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு உஃப் என்று ஊதினான். வெள்ளைப் புகை போலத் திருநீறு கிளம்பி, எதிரே நின்ற என் முகம், கழுத்து, கோயிலுக்கென்று சட்டை போடாத மார்பு எல்லாவற்றையும் மூடியது.

மச்சான் மூடியிலிருந்த மூன்று பட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “இது இஞ்சினா, கோயிலா மச்சான்?”

“உள்ள போடாதீங்கன்னு அப்பவே சொன்னேன்” என்றாள் மனைவி. அவள் கேள்வியாகத்தான் கேட்டிருந்தாள். ஆனால் அது திருத்துவதற்கான நேரமில்லை.

காடி விற்ற இடத்துக்குப் போன் போட்டேன். அந்தக் குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறதாம். உள்ளே போகிற காற்றை அதுதான் அளக்கிறதாம். அதில் தூசு படிந்தால் கணக்குத் தப்பிப்போய் இஞ்சினுக்குப் பலம் குறைந்துவிடுமாம். கம்ப்யூட்டர் மாட்டித்தான் பார்க்க வேண்டும், யாரும் கை வைக்கக்கூடாது, இழுக்கிற லோரி மத்தியானம் வரும் என்றார்கள். மத்தியானம்! அதற்குள் மாப்பிள்ளையின் தாடி வளர்ந்துவிடும்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணப் பெண் காடியைவிட்டு இறங்கினாள். பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, எனக்கு ஏர்கோன் வேணாம், கல்யாணம்தான் வேணும். அப்பா காடியிலயே போலாம்.”

அப்பா காடியில் ஏற்கெனவே என் தங்கை, சீர்த் தட்டுகள், ஒரு வாழைத்தார். அவற்றுக்கு நடுவே பெண் நுழைந்தாள். என் மனைவி ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு நுழைந்தாள். மச்சான் சாவியைத் திருகினான்.

டக்.

மறுபடி திருகினான். மறுபடியும் டக். இறங்கிப் போய் ஸ்பேனரால் எதையோ இரண்டு தட்டுத் தட்டினான். அப்புறம் டக் கூட வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் சிரிப்புதான் வரும்.

“சிரிக்காத மச்சான். எங் காடிய தள்ளுனா உசுரு வந்துரும். ஒன்னுத தள்ளுனா வேர்வைதான் வரும். பின்னால போய்த் தள்ளு!”

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். நான்கு உருப்படிகள், ஒரு வாழைத்தார், சீர் பலகாரம் அத்தனையும் சேர்த்து ஒற்றை ஆளாகத் தள்ளினேன். காடி உருண்டது, குலுங்கியது, ஒரு கருப்பு ஏப்பம் விட்டது, பிடித்துக்கொண்டது! நான் ரோட்டு நடுவே இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. காடி போனது. போய்க்கொண்டே இருந்தது. செம்பனைகளுக்கு நடுவே சின்னதாகி, புள்ளியாகி, வளைவில் மறைந்தது.

கை இன்னும் மேலேயே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தாய்மாமன் இங்கே இருக்கிறான்.

போன் அடித்தது. தங்கை.

“அண்ணே! நீங்க ஏறலையா?”

“எங்கம்மா ஏறுறது? நிறுத்துனாத்தானே ஏறலாம்? திரும்பி வரச் சொல்லு!”

போனுக்குள் பின்னாலிருந்து மச்சானின் குரல்: “நிறுத்துனா மாத்தி ஆயிரும்! மறுபடி யாரு தள்ளுறது? தள்ளுற ஆளு அங்கதானே இருக்காரு!”

அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் என்னை இன்னும் கலங்கடித்தது. “நான் இல்லாம பொண்ணு எப்படி மணவறை ஏறும்? மாலையும் இங்க இருக்கு! எங் காடி செத்துக் கெடக்கு!” என்று செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அப்போது கல்யாணப் பெண் போனை வாங்கினாள். பொறுமையான குரல்.

“மாமா. ஸ்டார்ட் பண்றப்ப பிரேக்க மிதிச்சீங்களா?”

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அமுக்கியவனின் கால் எங்கே இருந்திருக்கும்? ரோட்டில் இருந்தது.

“மாமா?”

“சிக்னல் சரியில்லம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திறந்து கிடந்த பெட்டியை மூடிக் கொக்கிகளை மாட்டினேன். உள்ளே உட்கார்ந்து, மாலைக்குப் பெல்ட் போட்டு, பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினேன். ஒரு நடுக்கம், அப்புறம் ஏதும் நடக்காதது போல இஞ்சின் ஓடியது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வேகம் வரவில்லை. ஆனால் போனது. பலம் குறைந்தால் தன்னையும் காப்பாற்றிக்கொண்டு ஆளையும் மெதுவாகக் கொண்டுசேர்க்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்களாம். பிறகு தெரிந்துகொண்டேன். நான் மட்டும் அதை அடைக்காமல் இருந்திருந்தால் எல்லாரும் குளுகுளுவென்று, கொஞ்சம் மெதுவாக, நேராகக் கோயிலுக்கே போயிருப்போம். அன்று அந்தச் சாலையில் உண்மையில் பழுதானது நான் ஒருவன்தான்.

சைக்கிள்களுக்கு வழிவிட்டு, ஆமை ஓட்டுகிறவன் போலப் போய்ச் சேர்ந்தபோது பத்தரைக்குக் கொஞ்ச நேரமே பாக்கி. மச்சானின் காடி கோயில் வாசலில் மூச்சடங்கிக் கிடந்தது. பெண் படிக்கட்டிலேயே நின்றாள். மாலையை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாப்பிள்ளையின் அப்பா என் நெற்றி, கழுத்து, மார்பு முழுக்கத் திருநீறு பூசியிருந்ததைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மாமாவுக்கு ரொம்பப் பக்திபோல.”

“பயங்கரப் பக்தி. காடிக்கும் சேத்து” என்றான் மச்சான்.

மாலை போட்டேன். கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மேளம் கொட்டியது, தாலி ஏறியது.

வெளியே வந்தபோது பொண்ணு மாப்பிள்ளையை எந்தக் காடியில் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவது என்று மறுபடியும் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மச்சான் காடியைத் தள்ளத் தயாராக நின்றார்கள். நான் தலைகுனிந்து, “எங் காடி ஓடும், ஆனா ஆமை வேகந்தான். விளக்கு வேற எரியுது” என்றேன்.

“மாமா, ஊர்வலத்துக்கு எதுக்கு வேகம்?” என்றாள் பெண்.

புது மாப்பிள்ளையும் பொண்ணும் பின்னால் ஏர்கோனில் உட்கார்ந்தார்கள். மேளக்காரர்கள் முன்னால் நடந்தார்கள். அவர்கள் நடைக்கு என் காடி அச்சாகப் பொருந்தியது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் மச்சான், கழற்றிப்போட்ட மாலைகளை மடியில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடையது பின்னால் நாலு பேர் தள்ள வந்துகொண்டிருந்தது.

டிங் டிங் என்று காடி கத்தியது.

“இப்ப என்னா மச்சான் அதுக்கு?”

“பெல்ட்ட போடு மச்சான்” என்றேன். “நீ ஆளுன்னு கண்டுபுடிச்சிருச்சு.”